ஜாக்கி யார் கையில்?

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் செய்முறைத் தேர்வில், மின்தடையை அளக்கும் மீட்டர் பிரிட்ஜ் சோதனை வந்தால் பிள்ளைகளுக்கு அது அதிர்ஷ்டச் சீட்டு. ஒரு மீட்டர் கம்பி, மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் ஒரு கால்வனாமீட்டர், ஒரு மின்தடைப் பெட்டி, ஒரு லெக்லாஞ்சி மின்கலம், இவ்வளவுதான் கருவி, கணக்கும் எளிது. சில ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சீட்டை எடுத்த ஒரு மாணவி, எங்கள் பள்ளியில் அந்த ஆண்டு இயற்பியலில் எல்லாத் தேர்விலும் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள், மேசைக்கு முன்னால் கால் மணி நேரம் அசையாமல் நின்றாள். வாய்பாட்டை எழுதிவிட்டாள், சுற்றுப்படத்தையும் பிசிறில்லாமல் வரைந்துவிட்டாள். ஆனால் மின்தடைப் பெட்டியில் பித்தளை முளையைப் பிடுங்கினால்தான் மின்தடை சுற்றில் சேரும், செருகினால் விலகிவிடும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. எல்லா முளைகளையும் இறுகச் செருகி வைத்துக்கொண்டு, கம்பியில் எங்கே தொட்டாலும் கால்வனாமீட்டர் முள் ஒரே பக்கமாக ஓடுவதைப் பார்த்துக் கண் கலங்கினாள்.

வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "இந்தப் பிள்ளை பெட்டியத் தொட்டே பார்த்ததில்ல போலிருக்கே டீச்சர்" என்று என் காதோரம் மெல்லச் சொன்னார். இரண்டு முறை செய்திருக்கிறாள் என்று நான் உடனே மறுத்தேன். அவளுடைய ரெக்கார்டு நோட்டில் அந்தச் சோதனை இருந்தது, என் சிவப்பு மைக் கையெழுத்தும் இருந்தது. நோட்டைத் திருப்பியபோதுதான், அவளுடைய குழுவில் இருந்த மற்ற மூன்று பேரின் நோட்டிலும் அளவீடுகள் அவளுடைய குண்டு குண்டான கையெழுத்திலேயே இருப்பதைக் கவனித்தேன். அந்த மூவரில் இருவர் பையன்கள். கருவியை அவர்கள் இயக்கியிருக்கிறார்கள், இவள் நான்கு பேருக்கும் எழுதியிருக்கிறாள்.

உசிலம்பட்டிக்கும் திருமங்கலத்துக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியையாக இருக்கிறேன். அந்தத் தேர்வுக்குப் பிறகு அவள் பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள், பிறகு பி.காம். சேர்ந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்குக் கை வராது டீச்சர்" என்றாள். கோலத்தில் ஊடு புள்ளி, நேர் புள்ளி என்று ஒரு முற்றத்தையே நிரப்பக்கூடியவள், பொழுது விடியுமுன் மல்லிகை மொட்டை நகம் படாமல் பறிக்கத் தெரிந்தவள், எனக்குக் கை வராது என்று சொன்ன அந்தச் சொல் என்னை நீண்ட நாள் உறங்கவிடவில்லை. வணிகவியல் படித்தது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. இன்று அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். அவள் காட்டிய காரணம் உண்மையில்லை என்பதும், அந்தக் காரணம் என் ஆய்வகத்தில்தான் உருவானது என்பதுமே என் வருத்தம்.

அடுத்த கல்வியாண்டில் நான் செய்த முதல் வேலை, செய்முறை வகுப்பில் ஒன்றும் சொல்லாமல் மூலையில் நின்று பார்த்ததுதான். எங்களிடம் கருவிகள் குறைவு. ஒரு மேசைக்கு நான்கு பேர். மணி அடித்த இரண்டாவது நிமிடத்திலேயே, யாரும் யாருக்கும் சொல்லாமல், வேலை பிரிந்துவிட்டது. ஜாக்கி என்று நாங்கள் சொல்லும், கம்பியைத் தொட்டுப் பார்க்கும் தொடுசாவி பையன் கைக்குப் போயிற்று, பென்சிலும் அளவுகோலும் பெண் கைக்கு வந்தன. "நீ எழுது, நான் வைக்கிறேன்" என்று ஒரு மேசையில் கேட்டது. மற்ற மேசைகளில் அந்தப் பேச்சுக்கும் தேவையிருக்கவில்லை. பெண் பிள்ளைகள் யாரும் முறையிடவில்லை. அவர்களுடைய நோட்டு அழகாக இருந்தது, அதற்காக நானே அவர்களைப் பலமுறை பாராட்டியிருக்கிறேன்.

அதைவிட மோசமான ஒன்றை அந்த வாரக் கடைசியில் கண்டுபிடித்தேன். என் குரல்தான் அது. "டேய், கனெக்ஷன் குடுங்கடா" என்று நான் சொல்லும்போது முகம் பையன்கள் பக்கம் திரும்புகிறது. "பாப்பா, ரீடிங் எழுதிக்கோ" என்று சொல்லும்போது பெண்கள் பக்கம் திரும்புகிறது. முள் தவறாக ஓடினால் பையனிடம், "எங்கடா தப்பு, கண்டுபிடி" என்பேன். பெண் என்றால் நானே போய் ஒயரைச் சரிசெய்துவிட்டு வருவேன். அன்பினால் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தவறைத் தேடும் வேலையைப் பையனுக்குக் கொடுத்து, திருத்தப்பட்ட சுற்றைப் பெண்ணுக்குக் கொடுத்தால் யார் எதைக் கற்பார்கள் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்லை. நானும் ஒரு பெண், எம்.எஸ்சி. முடித்தபோது ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்பட்டு ஒரு பேராசிரியரிடம் கேட்டபோது, "லேடீஸுக்கு பி.எட். தாம்மா சேஃப்" என்ற பதிலோடு திரும்பியவள். அந்தச் சொல்லை இருபது ஆண்டுகள் மனத்தில் வைத்து நொந்துகொண்டே, அதே சொல்லை வேறு வடிவத்தில் நாள்தோறும் நானும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு ஒரு சிறிய விதியைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு மேசையிலும் சுற்றை இணைப்பவர், ஜாக்கி பிடிப்பவர், அளவீடு படிப்பவர், எழுதுபவர் என்று நான்கு வேலைகள். ஒவ்வொரு வாரமும் சுழலும். பெயர்ப் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். சுற்று தவறாக இருந்தால் முதல் ஐந்து நிமிடம் நான் பக்கத்தில் போகமாட்டேன். கம்பியின் இரு முனைகளிலும் ஜாக்கியை வைத்துப் பார்த்து, முள் எதிரெதிர்ப் பக்கம் ஓடுகிறதா என்று அவர்களே சோதிக்க வேண்டும். கேட்பதற்கு எளிதான விதிதான், நடைமுறையில் முதல் மாதம் பெரும் குழப்பமாயிற்று. பையன்கள் எழுதிய நோட்டைப் படிக்க முடியவில்லை. பெண் பிள்ளைகள் ஜாக்கியைச் சுடும் தோசைக்கல்லைத் தொடுவது போலத் தொட்டார்கள். "கெட்டுப்போயிட்டா டீச்சர்?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

அந்தக் கேள்விக்கு நான் கொடுத்த கவனம் போதாது என்று இன்றும் நினைக்கிறேன். ஆண் பிள்ளை எட்டு வயதில் சைக்கிள் செயினை மாட்டுகிறான், பன்னிரண்டு வயதில் அப்பாவோடு பம்புசெட்டு ஷெட்டில் நிற்கிறான், டி.வி.எஸ். எக்செல் வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஊதுகிறான். அவன் கெடுத்த பொருள்கள் கணக்கில்லாதவை. அடியும் வாங்கியிருப்பான், ஆனாலும் கெட்டது திரும்பச் சரியாகும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறான். பெண் பிள்ளை வீட்டில் கைதவறி ஒரு டம்ளரைப் போட்டாலே, போகிற வீட்டில் என்ன சொல்வார்கள் என்று பேச்சு வருகிறது. கருவியைக் கெடுத்துப் பழகாதவருக்குக் கருவி பயமாகத்தானே இருக்கும்! இதில் ஊக்கம், ஆர்வம் என்ற பெரிய சொற்களுக்கெல்லாம் முன்னால், உடைந்தால் யார் திட்டுவார்கள் என்ற சின்னக் கணக்கு இருக்கிறது. எனவே ஆய்வகத்தில் உடைந்த பொருளுக்கு மாணவரிடம் பணம் வாங்கும் பழைய வழக்கத்தைத் தலைமையாசிரியரிடம் பேசி நிறுத்தினோம். உண்மையிலேயே உடைந்தவை, ஓர் ஆண்டில் இரண்டு வெப்பமானிகளும் ஒரு பீக்கரும் மட்டுமே.

பயத்தைப் போக்கியது மீட்டர் பிரிட்ஜ் இல்லை, மிக்ஸிதான். பழைய இரும்புக் கடையிலிருந்து ஓடாத மிக்ஸி இரண்டு வாங்கி வந்து மேசையில் வைத்து, திருப்புளியைப் பெண் பிள்ளைகள் கையில் மட்டும் கொடுத்தேன். நாள்தோறும் சட்னி அரைக்கிற பொருள். ஒருத்தியும் அதன் அடிப்பக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை. நான்கு திருகாணியைக் கழற்றியதும், செம்புக் கம்பிச் சுருளும், அதன் நடுவில் சுழலும் ஆர்மேச்சரும், இரு பக்கமும் வில் வைத்து அழுத்தப்பட்ட சின்னக் கரித் துண்டுகளும் தெரிந்தன. அவைதான் கார்பன் பிரஷ்; சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை, உரசி உரசித் தேய்பவை. ஒரு மிக்ஸியில் அது பட்டாணி அளவுக்குத் தேய்ந்திருந்தது. மாற்றியதும் "விர்" என்று ஓடியபோது எழுந்த கூச்சலைக் கேட்டுப் பக்கத்து வகுப்புத் தமிழாசிரியர் எட்டிப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை ஒரு மாணவி, ஊருக்குள் மூன்று வீட்டு மிக்ஸிகளைத் திறந்து பார்த்ததாகவும், ஒன்று சரியாயிற்று, ஒன்று ஏற்கெனவே சரியாக இருந்தது, இன்னொன்றைப் பற்றி இப்போது கேட்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

பணியிடைப் பயிற்சி ஒன்றில், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளர் 1977-இல் எழுதியதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். நான்கு வழிகளை அவர் சொல்கிறார்: தானே செய்து வெல்வது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கப்படுத்திச் சொல்வது, உடலும் மனமும் பதறாமல் இருப்பது. இவற்றில் தானே செய்து வெல்வதற்குத்தான் வலு மிகுதி. ஆசிரியர்களாகிய நாங்கள் ஆண்டு முழுவதும் மூன்றாவது வழியை மட்டுமே நம்பிக்கொண்டிருக்கிறோம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் "உன்னால் முடியும்" என்று முழங்கிவிட்டு, ஆய்வகத்துக்கு வந்ததும் ஒயரை அவள் கையிலிருந்து வாங்கிவிடுகிறோம்.

இரண்டாவது வழி எனக்கு ஓர் ஓவியத்தின் மூலம் புரிந்தது. டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 4,807 குழந்தைகளிடம் விஞ்ஞானி ஒருவரை வரையச் சொல்லிச் சேகரித்த படங்களைப் பற்றி 1983-இல் வெளியிட்ட ஆய்வில், பெண் விஞ்ஞானியை வரைந்தவை வெறும் 28. அந்த 28-ஐயும் வரைந்தவர்கள் பெண் குழந்தைகளே. பிற்காலத்து ஆய்வுகளில் பெண் விஞ்ஞானிகளின் படம் கூடியிருக்கிறது என்றாலும், வயது ஏற ஏறக் குழந்தைகள் ஆணையே அதிகம் வரைகிறார்கள் என்பதும் தெரிகிறது. எங்கள் ஒன்பதாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். ஐன்ஸ்டைனின் பறக்கும் முடிக்குப் போட்டியாக, நடு வகிடு எடுத்துக் காதுவரை இறங்கிய அப்துல் கலாம் முடி தாளுக்குத் தாள் வந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானி என்றால் நம்மவர், அந்த அளவுக்கு அவர் ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறார் என்று மகிழ்ந்தேன்.

அந்தத் தாள்களுக்குள் ஒரு படம் மட்டும் வேறாக இருந்தது. கொண்டையில் பூ வைத்து, புடவை கட்டிய பெண் ஒருத்தி, பெரிய கருவி ஒன்றின் வழியாக ஒரு கிழவியின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் இது என்று வரைந்தவளிடம் கேட்டேன். "கண்ணாஸ்பத்திரி அக்கா" என்றாள். மதுரைக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்து, பார்வைப் பரிசோதனையிலிருந்து அறுவை அரங்கு உதவி வரை அவர்களையே செய்யவைக்கிறார்கள். இவளுடைய அப்பத்தாவுக்குப் புரை எடுக்கப் போனபோது அவர்களைப் பார்த்திருக்கிறாள். அவர்கள் விஞ்ஞானிகளா என்று வகுப்பில் ஒரு பையன் சிரித்தான். "மெஷினு வச்சு அளந்து பார்த்து எழுதுறாங்கள்ல, நீ என்னத்த அளந்த?" என்று அவள் கேட்டதற்கு அவனிடம் பதிலில்லை, என்னிடமும் அதைவிட நல்ல விளக்கம் இருக்கவில்லை.

பெண்களுக்கு அறிவியலில் விருப்பம் குறைவு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 2015-இல் நடந்த பிசா என்ற பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டு ஆய்வில், வளர்ந்த நாடுகளின் பதினைந்து வயதுப் பிள்ளைகளில் அறிவியல் சார்ந்த வேலைக்குப் போவோம் என்று சொன்னவர்கள் ஆண்களில் 25 விழுக்காடு, பெண்களில் 24 விழுக்காடு. விருப்பத்தில் ஏறக்குறைய சமம். பிரிவு எங்கே வருகிறது என்றால், பெண்கள் மருத்துவம் சார்ந்த பக்கமும் ஆண்கள் பொறியியல், கணினிப் பக்கமும் போகிறார்கள். நம் நாட்டில் 2020-21-ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, அறிவியல் பாடங்களில் சேர்ந்திருந்த சுமார் 57 லட்சம் பேரில் பாதிக்கு மேல் பெண்கள். மதுரையில் எந்தக் கல்லூரியின் இயற்பியல், வேதியியல் வகுப்பை எட்டிப் பார்த்தாலும் இது தெரியும். அந்தப் பெண்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் போகும் வழியில்தான் எங்கோ இறங்கிவிடுகிறார்கள், அல்லது இறக்கிவிடப்படுகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளையின் அறிவியல் கனவுக்கு இரண்டே பெயர்கள்: டாக்டர், இல்லையென்றால் டீச்சர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்த பிறகு, டாக்டர் என்ற சொல் எட்டாத வானமாக இல்லை என்பது உண்மை. அதற்காக நான் மகிழ்கிறேன். ஆனால் நீட் தேர்வில் முதல் முறை மதிப்பெண் வராவிட்டால், மகனை இன்னொரு வருடம் கோச்சிங் அனுப்புகிற வீடுகள் மகளை அனுப்புவதில்லை என்பதை என் அனுபவத்தில் பலமுறை பார்த்துவிட்டேன். "ரிப்பீட்டர்" என்ற சொல் எங்கள் ஊரில் பெரும்பாலும் ஆண்பால். டாக்டருக்கும் டீச்சருக்கும் நடுவில், பூச்சியியலும் வானிலையும் மருந்துத் தரச் சோதனையும் மண் ஆய்வும் இருக்கின்றன என்று யாரும் சொல்வதில்லை. ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தபடி 1965 முதல் ஒரு வேளாண் கல்லூரி இருக்கிறது. அந்த வழியாக மேலூருக்குப் பேருந்தில் போகிற பிள்ளைகளில் பலருக்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை 6.04-க்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. பள்ளியின் ஸ்மார்ட் போர்டில் நேரலை போட ஏற்பாடு செய்து, எல்லோரும் இருந்து பார்க்கலாம் என்று அறிவித்தேன். ஆறு மணிக்கு அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பையன்கள். பெண் பிள்ளைகளுக்கு ஐந்தேகால் பேருந்தை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான், ஆனாலும் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஊருக்குள் போகிற ஒன்றரை கிலோமீட்டர் கருவேலங்காட்டுப் பாதையை எந்த அரசாணையும் சுருக்கவில்லை. அன்று வாசலில் நின்று, "நாளைக்கு யூடியூப்ல போட்டுக் காட்டுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓடிய முகங்களைப் பார்த்தபோதுதான், மாலைச் சிறப்பு வகுப்பு, மாலை வினாடி வினாப் பயிற்சி, மாலை அறிவியல் கண்காட்சி வேலை என்று நான் நடத்திய எல்லாமே பையன்களுக்காக நடந்தவை என்று உறைத்தது. காலைக்கு மாற்றலாமா என்றால், மல்லிகைப் பருவத்தில் விடியுமுன் பறிப்புக்குப் போய்விட்டு வருபவர்கள் அவர்கள். கடைசியில் மதிய உணவு இடைவேளையில் இருபத்தைந்து நிமிடம், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் என்று வைத்தோம். என்னைக் கேட்டால், ஒரு பள்ளியில் பெண்களின் அறிவியல் ஆர்வத்தைக் கூட்ட விரும்புகிறவர்கள் சொற்பொழிவாளரை அழைப்பதற்கு முன் கால அட்டவணையை எடுத்துப் பார்க்க வேண்டும். கூடவே கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை ஏற்பாட்டுக்கு உடனே பலன் கிடைத்தது. செப்டம்பர் 2, சனிக்கிழமை, முற்பகல் 11.50-க்கு, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலம் ஏவப்பட்டதை எங்கள் பெண் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தார்கள். திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி ஒலிவாங்கி முன் வந்தபோது, அவர் செங்கோட்டைக்காரர், அரசுப் பள்ளியில் படித்தவர், விவசாயியின் மகள், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பட்டம் வாங்கியவர் என்று சொன்னேன். சூரியனைப் பற்றியோ விண்கலம் போக வேண்டிய 15 லட்சம் கிலோமீட்டரைப் பற்றியோ கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். "செங்கோட்டன்னா குத்தாலம் போற வழியா டீச்சர்?" என்பது முதல் கேள்வி. "அவங்க ஹாஸ்டல்ல இருந்தாங்களா?" என்பது இரண்டாவது. "அவங்க வீட்டுல எப்பிடி விட்டாங்க?" என்பது மூன்றாவது. சிகரத்தைக் காட்டினால் பிள்ளைகள் பாதையைக் கேட்கிறார்கள். நாம் சாதனையாளர்களின் விருதுகளையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். எந்த ஊரில் தங்கினார்கள், யார் பணம் கட்டினார்கள், வீட்டில் யார் மறுத்தார்கள், யார் தலையாட்டினார்கள் என்பதைச் சொல்வதில்லை.

அதன் பிறகு என் கதை சொல்லும் முறை மாறியது. எங்கள் பக்கம் காதணி விழா என்றால் மண்டபம், ஃபிளெக்ஸ், தாய்மாமன் சீர் என்று ஊரே திரளும். அப்படி ஒரு விழாவுக்குப் பாதி வகுப்பு போய்விட்டு வந்த மறுநாள், குமுளி தாண்டி இருக்கும் பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மாணியைப் பற்றிச் சொன்னேன். எட்டாம் பிறந்த நாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தபோது, தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்ட சிறுமி அவர். பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையின் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வைத்தவர். கருவியில் கை வைத்துப் பெயர் எடுத்தவர் என்பதால் என் வகுப்புக்குப் பொருத்தமானவர். சி.வி. இராமனின் ஆய்வகத்தில் வேலை செய்தும், எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பிப்ரவரி 28-இல் இராமன் விளைவின் நினைவாகத் தேசிய அறிவியல் நாள் கொண்டாடும்போது, 1933-இல் கமலா பாகவத் என்ற மாணவியைப் பெண் என்பதால் சேர்த்துக்கொள்ள இராமன் முதலில் மறுத்தார், அவர் விடாமல் நின்று சேர்ந்து, பின்னாளில் கமலா சோகோனியாகக் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார் என்ற செய்தியையும் சேர்த்தே சொல்கிறேன். இராமனின் பெருமைக்கு இதனால் குறைவு வந்துவிடும் என்று சக ஆசிரியர் ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தடை இருந்தது என்று முன்பே தெரிந்த பிள்ளை, தடை வரும்போது தன் மூளையில் குறை தேடமாட்டாள்.

பையன்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். தாவரவியலில் அபாரமான நினைவும், செடியைக் கண்டால் நின்றுவிடும் குணமும் கொண்ட ஒரு மாணவன், கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப்பை எடுக்க விரும்பினான். அது பொம்பளை குரூப் என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்டுக் கணினிக் குரூப்புக்குப் போய், பிளஸ் ஒன் கணிதத்தில் தோற்று, ஜே.சி.பி. வண்டிக்குக் கிளீனராகப் போனான். பெண்ணுக்குக் கை வராது என்று சொல்கிற அதே ஊர், ஆணுக்கு மனம் போன வழியில் போகவும் விடுவதில்லை. நல்லவேளையாக மறுதேர்வு எழுதி, இரண்டு ஆண்டுகள் கழித்து நர்சிங் டிப்ளமோ சேர்ந்தான். இப்போது பிளஸ் ஒன் குரூப்பைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாதத்தில் அவனையே பத்தாம் வகுப்பு முடித்த பையன்களிடம் பேச அழைக்கிறேன். ஊசி போடுவதைப் பற்றி அவன் பேசும்போது யாரும் சிரிப்பதில்லை.

கண்ணாஸ்பத்திரி அக்காவை வரைந்தவள் பிளஸ் டூ முடித்தபோது மதுரையில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்க ஆசைப்பட்டாள். வீட்டில் தயங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மல்லிகைத் தோட்டத்துக்கு நடுவில் வீடு. திண்ணையில் அப்பா, தாய்மாமன், அப்பத்தா. அறிவியலின் பெருமையையும் மகளின் திறமையையும் பத்து நிமிடம் பேசினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "படிக்க வேணாம்னு நாங்க சொல்லல டீச்சரம்மா. அம்புட்டுத் தூரம் போயிப் படிச்சா என்ன வேலை கெடைக்கும், எம்புட்டுச் செலவாகும்னு ஒருத்தரும் வெவரமாச் சொல்ல மாட்டேங்கிறாங்க." தாய்மாமன், "டீச்சர் வேலைக்குத்தான படிக்கப் போகுது, அதுக்கு இங்கனயே படிக்கலாம்ல" என்றார். என்னிடம் விவரம் இல்லை. வெட்கத்தோடு எழுந்து வந்தேன்.

இரண்டாம் முறை போகும்போது ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, அதில் எழுதிக்கொண்டு போனேன். மதுரைப் பெண்கள் கல்லூரிகள் எவை, அரசுக் கல்லூரிக் கட்டணம் என்ன, உதவி பெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் கட்டணத்தில் எவ்வளவு வேறுபாடு, அரசு நல விடுதிக்கு எந்த மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும், விடுதியில் மாலை எத்தனை மணிக்குக் கதவு சாத்துவார்கள், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் எப்படி வரும், எங்கள் பள்ளியில் படித்து இயற்பியல் முடித்த அக்காக்கள் நான்கு பேர் இப்போது என்ன வேலை செய்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தன. அவர்களில் ஒருத்தியைத் தொலைபேசியில் அம்மாவோடு பேச வைத்தேன். அப்பா நோட்டை வாங்கி, கூட்டல் சரியா என்று பார்த்தார். தாய்மாமன் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தார். அதுவரை வாய் திறக்காத அப்பத்தா, தொடுத்துக்கொண்டிருந்த பூவை மடியில் வைத்துவிட்டு, "அங்கன எனக்குக் கண்ணு பாத்ததுகளும் ஊருநாட்டுப் புள்ளைகதானடா. அதுகளயும் ஒரு மாமன்காரன் விட்டுத்தான இருப்பான்" என்றார். தாய்மாமன் சிரித்துவிட்டார். எல்லா வீட்டிலும் இப்படி ஓர் அப்பத்தா இருப்பதில்லை. அதற்குப் பின் போன இரண்டு வீடுகளில் நோட்டு தோற்றுத்தான் திரும்பியது.

அந்த நோட்டு இப்போது மூன்றாம் நோட்டாகியிருக்கிறது. பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்திலேயே அதை மேசையில் வைத்துவிடுகிறேன். பிளஸ் டூ முடித்த பிறகு வீடு தேடிப் போவது காலம் கடந்த செயல் என்று தெரிந்துகொண்டேன். ஆய்வகச் சுவரில் சுழல் பட்டியல் தொடர்கிறது. சென்ற மாதம் ஒரு மேசையில், "இந்த வாரம் நீதான்டா எழுதணும், பேனாவ எடு" என்று ஒருத்தி பையனை அதட்டிக்கொண்டிருந்தாள். முள் ஒரே பக்கம் ஓடியது. அவள் என்னைக் கூப்பிடாமல் மின்தடைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்று மாலை மதுரையிலிருந்து, கண்ணாஸ்பத்திரி அக்காவை வரைந்தவளிடமிருந்து தொலைபேசி வந்தது. விடுதியிலிருந்து கல்லூரிக்கு ஆரப்பாளையம் சுற்றிப் போக வேண்டியதில்லை, நேராகவே ஒரு பேருந்து காலை ஏழே முக்காலுக்கு இருக்கிறது, அதை நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள் டீச்சர் என்றாள். திருத்திக்கொண்டேன்.